இரவு ஷிப்ட், பகல் தூக்கம், தீராத எரிச்சல்: உடம்பையும் மனசையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஓஎம்ஆர்_ஆந்தை

வணக்கம். பெருங்குடியில் மெடிக்கல் பில்லிங் வேலை, ஏஆர் காலர். மாலை 6.30க்கு லாகின், அதிகாலை 3.30க்கு லாகவுட். அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போன் போட்டு, எந்த கிளெய்ம் ஏன் நிற்கிறது என்று கேட்பதுதான் பிழைப்பு. சில சமயம் முக்கால் மணி நேரம் ஹோல்டில் போட்டுவிடுவார்கள். அந்த ஹோல்டு மியூசிக் குளிக்கும்போதுகூடக் காதில் ஓடுகிறது.

ஆபீஸ் கேப் எல்லோரையும் இறக்கிவிட்டு மேடவாக்கம் வர ஐந்து மணி. படுத்தால் ஒன்பதரைக்குள் விழிப்பு வந்துவிடும். அதற்குமேல் புரண்டாலும் தூக்கம் பிடிப்பதில்லை. நெஞ்செரிச்சல் நிரந்தரம். போன மாதம் ஆபீஸ் மருத்துவ முகாமில் பிரஷர் 146/94 என்றார்கள். வயது 34தான். பையன் பென்சில் பாக்ஸைக் கீழே போட்டால்கூடக் கத்திவிடுகிறேன்.

கம்பெனியில் மன அழுத்தத்தைக் குறைப்பது பற்றி வெபினார் வைத்தார்கள். பகல் 12 மணிக்கு. நைட் ஷிப்ட்காரர்கள் கட்டாயம் வர வேண்டுமாம்.

வேலையை விடு என்று சொல்லாதீர்கள், இஎம்ஐ ஓடுகிறது. பாசிட்டிவாக இரு என்றும் சொல்லாதீர்கள். இரவு வேலை பார்த்துக்கொண்டே ஓரளவு மனுஷனாக இருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

விடியல்_விஸ்வம்

சகோ, எல்லாவற்றுக்கும் மனம்தான் மூலம். பிரம்ம முகூர்த்தத்தில் 4 மணிக்கு எழுந்து பாருங்கள். வெந்நீரில் எலுமிச்சை, கொஞ்ச நேரம் மூச்சுப் பயிற்சி, அப்புறம் ஒரு நோட்டில் அன்றைக்கு நன்றி சொல்ல வேண்டியதை எழுதுங்கள். பிரஷர் ஓடிப்போகும்.

ஓஎம்ஆர்_ஆந்தை

அண்ணே, நான்கு மணிக்கு நான் பள்ளிக்கரணை தாண்டிக்கொண்டிருப்பேன். எழுந்திருப்பதற்கு முதலில் படுக்க வேண்டுமே.

நைட்_டூட்டி_நர்ஸ் (மதுரை)

தம்பி, தினமும் நாலரை மணி நேரம் மட்டும் தூங்கினால் யாராக இருந்தாலும் கத்தத்தான் செய்வார்கள். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரமாவது வேண்டும். அதைச் சரிபண்ணாமல் மற்ற எதைச் செய்தாலும் ஒட்டாது. நான் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐசியூ ஸ்டாஃப். மாதத்தில் பாதி நாள் நைட், இரவு 8 முதல் காலை 8. படித்ததும் பட்டதும் சேர்த்துச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்துத்தான் பகலா இரவா என்று அது முடிவு கட்டும். நம் ரோஸ்டர், அதாவது ஷிப்ட் பட்டியல், அதற்குத் தெரியாது. செல்லுக்குள் அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்கர்களுக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. இருட்டினால் தூக்கத்துக்கான மெலடோனின் சுரக்கும், விடியும் நேரத்தில் விழிக்கவைக்கும் கார்டிசால் ஏறும், பின்னிரவு நான்கு மணி வாக்கில் உடம்புச் சூடு மிகவும் இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் கண் சொருகுவது சோம்பேறித்தனத்தால் வருவதில்லை. எங்கள் வார்டில் 3 மணிக்கு மேல் எந்த ஊசி மருந்தையும் தனி ஆளாக ஏற்ற மாட்டோம். அளவை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் சீட்டைப் பார்த்துச் சரிபார்ப்பார்.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை நீங்கள் கவனிக்கவில்லை. விடிவதற்குள் வீடு சேர்ந்துவிடுகிறீர்கள். காலை எட்டு மணி வெயிலில் வரும் எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெயில் கண்ணில் பட்டால் மூளை விழித்துக்கொள்ளும். அதனால் வந்ததும் போனை நோண்டாமல் நேராகப் படுங்கள். ஜன்னலில் வெறும் கர்ட்டன் போதாது. தையல்காரரிடம் கறுப்பு லைனிங் துணி வாங்கி இரண்டு மடிப்பாகத் தைத்து, சுவரோடு ஒட்டினாற்போல மாட்டுங்கள். உள்ளே நின்று கையை நீட்டினால் விரல் தெரியக் கூடாது, அந்த அளவுக்கு இருட்டு. ஃபேன் சத்தம் நல்லதுதான், தெருச் சத்தத்தை அது அமுக்கும்.

ஒன்பதரைக்கு விழிப்பு வந்தால் மல்லுக்கட்டாதீர்கள். எழுந்து வேலையைப் பாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் இன்னொரு தவணையாக ஒன்றரை இரண்டு மணி நேரம் படுங்கள். இரண்டு தவணையும் தினமும் ஒரே நேரத்தில் இருக்கட்டும்.

அடுத்தது காபி. குடித்த காஃபினில் பாதி கழிய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், சிலருக்கு இன்னும் அதிகம். நள்ளிரவு 12 மணிக்குக் குடித்ததில் பாதி, நீங்கள் படுக்கும் ஐந்து மணிக்கும் இரத்தத்தில் இருக்கும். ஷிப்ட் தொடங்கிய முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் குடித்து முடித்துவிடுங்கள். இரண்டரை மணி டீக்கடை நட்பை விடச் சொல்லவில்லை, பால் குடியுங்கள்.

நெஞ்செரிச்சல் எங்கிருந்து வருகிறது என்று ஊகிக்க முடிகிறது. ஒரு மணி பிரேக்கில் பரோட்டா, சிக்கன் ரைஸ், சரியா? நடுராத்திரியில் குடல் வேலையை மெதுவாக்கிவிடும், சர்க்கரையைக் கையாளும் திறமையும் அப்போது குறைவு. வயிறார ஒரு சாப்பாட்டை மாலை ஐந்தரைக்கே வீட்டில் முடியுங்கள். இரவு இட்லி, சுண்டல், தயிர்சாதம் மாதிரி லேசாக. படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால், அதாவது இரண்டு மணிக்குள், சாப்பாட்டை நிறுத்திவிட்டால் எரிச்சல் பாதி அடங்கும்.

வார விடுமுறையில் முழுப் பகல்காரராக மாறிவிடாதீர்கள். எல்லோரும் செய்வது அதைத்தான். சனி ஞாயிறு இரவு பத்து மணிக்குப் படுத்துவிட்டுத் திங்கள் மறுபடி விடிய விடிய உட்கார்ந்தால், வாரா வாரம் வெளிநாடு போய்வந்த கதிதான் உடம்புக்கு. லீவு நாளில் இரவு இரண்டு மணி வாக்கில் படுத்து ஒன்பதரை பத்துக்கு எழுந்தால் இரண்டு பக்கமும் ரொம்பத் தள்ளிப்போகாது.

பிரஷர் 146/94 என்பது 140/90 கோட்டைத் தாண்டியதுதான். ஆனால் முகாமில் வரிசையில் நின்று, டீ குடித்த கையோடு பார்த்த ஒரு அளவை வைத்து முடிவுக்கு வர முடியாது. நன்றாகத் தூங்கி எழுந்த நாளில், சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வாரம் எழுதி வைத்து அதை டாக்டரிடம் காட்டுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

விஸ்வம் அண்ணன் சொன்னதில் மூச்சுப் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும், நிமிடத்துக்கு ஆறு மூச்சு போதும். நெஞ்சுத் துடிப்பு இறங்குவது கையை வைத்துப் பார்த்தாலே தெரியும். அதற்குத்தான் உங்களுக்கு ஹோல்டு நேரம் கொட்டிக்கிடக்கிறதே.

விடியல்_விஸ்வம்

ஒன்றாவது பாஸ் ஆனதே. நன்றி சிஸ்டர்.

மில்_பழனிச்சாமி (சிங்காநல்லூர்)

தம்பி, நான் மில்லில் ஸ்பின்னிங்கில் சைடராக, அதாவது நூற்பு மெஷின் பார்க்கிறவனாக, இருந்து ரிட்டயர் ஆனவன். எங்களுக்குப் பகல், அரை நைட், முழு நைட் என்று வாரத்துக்கு ஒன்றாகச் சுற்றும். சாயங்காலம் போய் நடுராத்திரி வருவது அரை நைட். நடுராத்திரி போய்க் காலையில் வருவது முழு நைட். எங்கள் லைன் வீட்டில் முழு நைட் வாரத்தில் பகலில் அம்மியில் கை வைக்க மாட்டார்கள். இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தன் தூங்குகிறான், அந்தப் பக்கம் இன்னொருத்தன் தூங்குகிறான் என்று தெருவுக்கே தெரியும். சங்கு ஊதுகிற நேரத்துக்குத் தகுந்தாற்போல ஊரே நடக்கும். உங்களுக்கு அபார்ட்மெண்டில் உங்களைத் தவிர அத்தனை பேரும் பகல்காரர்கள். கஷ்டம்தானுங்க.

அதற்காக எங்கள் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் செட்டில் அல்சர் இல்லாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காலையில் சங்கு ஊதினதும் நேராகக் கடைக்குப் போய் தூக்கத்துக்கு என்று சொல்லி ஊற்றிக்கொண்டவர்களில் பாதிப்பேர் இன்றைக்கு இல்லை.

நான் செய்தது, வந்ததும் ஒரு சொம்பு கம்பங்கூழ், வெந்நீர்க் குளியல், காதில் பஞ்சு. பஞ்சுக்கு மில்லில் என்ன பஞ்சம்! இப்போது ரப்பரில் காதடைப்பான் விற்கிறார்களாம், வாங்கிக்கொள்ளுங்கள்.

சங்கம்_சரவணன்

எல்லாம் நல்ல யோசனைகள். ஆனால் இத்தனை பதிவு ஓடியும், ரோஸ்டர் போட்டவரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தூங்குகிறவர் கறுப்புத் துணி தைக்க வேண்டும், சாப்பாட்டை மாற்ற வேண்டும், மூச்சைக் கவனிக்க வேண்டும். பகல் 12 மணிக்கு வெபினார் வைத்த கம்பெனி எதையும் மாற்ற வேண்டாமா?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007லேயே இரவு ஷிப்ட் வேலையை, புற்றுநோய் வரச் சாத்தியம் உள்ளவற்றின் பட்டியலில் 2ஏ பிரிவில் வைத்தது. 2019இல் மறுபடி ஆராய்ந்தும் அதே பிரிவில்தான் வைத்தார்கள். அதே 2019இல் உலக சுகாதார நிறுவனம் பர்ன்அவுட் என்பதை விளக்கும்போது, அது நோய் இல்லை, வேலையிடத்தில் சரியாகக் கையாளப்படாத நீண்டகால அழுத்தத்தின் விளைவு என்றுதான் எழுதியது. களைப்பு, வேலைமேல் வெறுப்பு, எதையும் செய்து முடிக்க முடியாத நிலை, இந்த மூன்றும் அதன் அடையாளம். பழுது வேலையிடத்தில் இருக்கும்போது ஆளை மட்டும் ரிப்பேர் செய்துகொண்டிருப்பதில் என்ன பயன்?

கேட்க வேண்டியவை பெரிய கோரிக்கைகளே இல்லை. ஷிப்ட் மாற்றினால் பகல், மாலை, இரவு என்று முன்னோக்கி மாற்றுங்கள், பின்னோக்கி மாற்றாதீர்கள். உடம்பு முன்னோக்கிப் போவதைத்தான் எளிதாகத் தாங்கும். ஒரு ஷிப்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் பதினோரு மணி நேரமாவது விடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது சட்டம். ரோஸ்டரை முதல் நாள் இரவு வாட்ஸ்அப்பில் போடாமல் மாதத் தொடக்கத்திலேயே கொடுங்கள்.

கேட்டால் நடக்காது என்பவர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்துகிறேன். 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எல்லாம் சேர்ந்து எதிர்த்ததில், மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். பத்தே நாள்.

நைட்_டூட்டி_நர்ஸ் (மதுரை)

சரவணன் அண்ணா, நீங்கள் சொன்னதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கவில்லை. எங்கள் இடத்திலும் 12 மணி நேர டூட்டியை எட்டாக்கக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அது வரும்போது வரட்டும். நாளைக் காலை ஐந்து மணிக்கு இந்தத் தம்பி படுக்க வேண்டும். அதுவரைக்கும் கறுப்புத் துணி இருக்கட்டும்.

சங்கம்_சரவணன்

இருக்கட்டும். துணிக்கான பில்லைக் கம்பெனிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

பகல்ஷிப்ட்_மனைவி

ஆந்தை சார், உங்கள் வீட்டம்மா இதை எழுதியிருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே படித்தேன். என் கணவருக்கும் நைட்தான், டேட்டா சென்டரில். நான் பள்ளி ஆசிரியை. நாங்கள் இருவரும் சேர்ந்து விழித்திருப்பது மாலை நான்கரையிலிருந்து ஐந்தரை வரை. அந்த ஒரு மணி நேரத்தில்தான் கேஸ் புக் பண்ணினாயா, பள்ளிக் கட்டணம் கட்டினாயா, உங்கள் அம்மா போன் பண்ணினார்கள், எல்லாம் நடக்கும். சண்டையும் அதற்குள்தான் போட்டு முடிக்க வேண்டும்.

லீவு நாளில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். காலிங் பெல்லுக்குப் பேட்டரியைக் கழற்றிவிட்டேன். கூரியர்காரர் கதவைத் தட்ட ஆரம்பித்தார். கதவில் ‘பகலில் உறங்குகிறார்கள், தட்ட வேண்டாம், செருப்பு ஸ்டாண்டில் வைக்கவும்’ என்று ஒட்டினேன். பக்கத்து வீட்டு மாமி படித்துவிட்டு, ‘யாருக்கும்மா உடம்பு சரியில்லை’ என்று கேட்கத் தட்டினார். அப்புறம் பத்து மணிக்கு மைக் கட்டிய வண்டி வரும், பழைய வாஷிங் மெஷின், பழைய பேட்டரி, பழைய லேப்டாப் என்று. அவரிடம் மட்டும் நேரில் போய்ச் சொன்னேன். எங்கள் கேட் வந்ததும் மைக்கை அணைத்துவிட்டு அடுத்த தெருவில் போடுகிறார். இதுவரை யாரும் எனக்குச் செய்யாத உதவி.

வீட்டில் ஒரு விதி வைத்தோம். அவர் எழுந்த முதல் அரை மணி நேரம் கணக்கு, புகார், எதுவும் பேசுவதில்லை. குழந்தைகளுக்கும் சொல்லியிருக்கிறோம். பணம் சம்பந்தப்பட்டதை வாட்ஸ்அப்பில் எழுதிப் போட்டுவிடுவேன், அவர் பிரேக்கில் பதில் போடுவார். எழுத்தில் கத்த முடியாது என்பது கூடுதல் வசதி. ஞாயிறு ஒரு வேளை எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது, அதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.

இன்னொன்று, நைட் பார்க்கிறவரைத் தூங்கவைக்கிறவர்களுக்கும் தூக்கம் வேண்டும். அதை யாரும் கேட்பதில்லை.

ஓஎம்ஆர்_ஆந்தை

மேடம், என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். ‘இவங்க நம்பர் இருந்தா வாங்குங்க’ என்கிறாள்.

நெறியாளர்

தனிப்பட்ட எண்களைப் பொதுவில் பகிர வேண்டாம், உள்டப்பியில் பேசிக்கொள்ளுங்கள்.

தி.நகர்_ரேக்

நைட் ஷிப்ட் இல்லை, ஆனாலும் கேட்கலாமா? ஜவுளிக்கடையில் சேல்ஸ். காலை பத்திலிருந்து இரவு பத்து வரை நின்றுகொண்டே இருக்கிறோம், தீபாவளி சீசன் என்றால் நேரமே கிடையாது. உட்கார ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டம் வந்தது, போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்ப்பார், அவ்வளவுதான், வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார். இரவு கால் வீங்கித் தூக்கம் வராது. மறுநாள் கஸ்டமர் இருபது சேலை பிரிக்கச் சொன்னாலே அழுகை வருகிறது. இதுவும் நீங்கள் சொல்லும் ஸ்ட்ரெஸ்தானா?

சங்கம்_சரவணன்

அதுவேதான் தங்கச்சி. அந்தச் சட்டம் 2021இல் வந்தது, தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் செய்த திருத்தம். கேரளத்தில் 2018லேயே ஜவுளிக்கடைப் பெண்கள் போராடிப் பெற்றார்கள். நாற்காலி இருந்தால் மட்டும் போதாது, வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்பதுதான் சட்டத்தின் நோக்கம். தனியாக உட்கார்ந்தால் முறைப்பார்கள். ஒரு ஃப்ளோரில் இருப்பவர்கள் பேசி முறைவைத்து உட்காருங்கள். தொழிலாளர் துறை உதவி ஆய்வாளரிடம் பெயர் போடாமலும் புகார் கொடுக்கிறார்கள்.

நைட்_டூட்டி_நர்ஸ் (மதுரை)

காலுக்கு: அசையாமல் நிற்பதுதான் கெடுதல். கவுண்டருக்குப் பின்னால் நின்றபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு, கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளும். கீழ்த்தட்டில் ஒரு காலை மாற்றி மாற்றி ஏற்றி வை. வீட்டுக்கு வந்ததும் சுவரில் காலைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் படு. நரம்பு சுருண்டு தெரிந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ உடனே டாக்டரைப் பார். அழுகை பற்றி அடுத்துச் சொல்கிறவர்கள் சொல்வார்கள், ஆனால் உனக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு என்று முதலில் பார்த்துவிடு.

கணேஷ்_நைட்

எனக்கு ஆந்தை மாதிரிப் பிரச்சினை இல்லை. டாஸ்மாக் மதியம்தான் திறக்கும் என்பதால் முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்வேன். காலையில் வந்ததும் இரண்டு பெக், கூடவே தெரிந்த மெடிக்கலில் ஒரு தூக்க மாத்திரை (பெயர் நீக்கப்பட்டது: நெறியாளர்). அடித்துப்போட்ட மாதிரித் தூங்குவேன். ஆனால் சமீபமாக எழுந்தாலும் களைப்பாகவே இருக்கிறது. கிரிக்கெட் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டேன், பிடிக்கவில்லை. டோஸ் ஏற்றலாமா?

ஓபி_அறைக்காரர்

கணேஷ், ஏற்றாதீர்கள். இன்றே நிறுத்திவிடாதீர்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறேன். இரண்டும் முக்கியம். நான் ஒரு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சமூகப் பணியாளர்.

மதுவும் அந்த வகை மாத்திரையும் சேர்ந்தால் மூச்சை அமுக்கும், அதில் உயிர் போயிருக்கிறது. பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், பதற்றம், சிலருக்கு வலிப்பே வரும். அதனால் டாக்டர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். மது சீக்கிரம் கண்ணை மூடவைக்கும், ஆனால் பின்பாதித் தூக்கத்தைக் கலைத்துப்போடும். உங்கள் களைப்புக்கு அதுவே ஒரு காரணமாக இருக்கலாம். குறட்டை பலமாக விடுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களும் எவ்வளவு தூங்கினாலும் களைப்போடுதான் எழுவார்கள், காலைத் தலைவலியும் பிரஷரும் கூடவே இருக்கும்.

கிரிக்கெட்டை விட்டேன் என்று எழுதினீர்களே, அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன். பிடித்ததில் நாட்டம் போவது, மனம் சோர்ந்தே இருப்பது, இரண்டில் ஒன்று பெரும்பாலான நாட்கள் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், தூக்கம், பசி, களைப்பு இவற்றோடு சேர்த்து டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். ஓபிக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே எங்கள் டாக்டர் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பார்க்கச் சொல்வார். உடம்புக் குறை மனக்குறை மாதிரியே வேஷம் போடும். தி.நகர் தங்கைக்கும் இதுவே பதில்.

சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும். மூன்றாம் நாளே ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். தூக்கமின்மைக்கு மாத்திரை இல்லாமல் பழக்கத்தையும் நினைப்பையும் மாற்றும் சிகிச்சைதான் முதலில் பரிந்துரைக்கப்படுவது. நல்ல உளவியலாளர் கிடைத்தால் சில வாரங்களில் பலன் தெரியும்.

நேரில் போகத் தயக்கம் என்றால் 14416. மத்திய அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ், 2022 அக்டோபர் 10 முதல் நடக்கிறது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். நைட்காரர்களுக்கு அதுதான் வசதி, விடியற்காலை மூன்று மணிக்கும் எடுப்பார்கள். செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒரு தடவை எட்டிப்பார்த்தாலும் காத்திருக்காமல் உடனே அழையுங்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள்.

கணேஷ்_நைட்

அங்கே போனால் கீழ்ப்பாக்கம் கேஸ் என்பார்களே சார். ஆபீஸில் தெரிந்தால் அப்ரைசல் காலி.

ஓபி_அறைக்காரர்

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794இல் தொடங்கியது. கேலிக்கும் ஏறக்குறைய அதே வயது. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநல ஓபி இருக்கிறது, மற்ற ஓபி மாதிரியே சீட்டு வாங்கிக்கொண்டு உட்காருவதுதான். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம், ஆபீஸுக்கு யாரும் சொல்ல முடியாது. இன்சூரன்ஸிலும் மற்ற நோய்களுக்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் கொடுக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் அட்மிஷனுக்குத்தான் பணம் தரும், ஓபி செலவு கைக்காசுதான். சட்டம் வந்ததும் எல்லாம் கிடைத்துவிடும் என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

கணேஷ்_நைட்

சரி சார். வியாழன் ஆஃப். போகிறேன்.

ஓஎம்ஆர்_ஆந்தை

எல்லோருக்கும் நன்றி. கறுப்புத் துணி மாட்டியாகிவிட்டது. சாப்பாட்டை மாற்றியதில் எரிச்சல் குறைந்திருக்கிறது, தூக்கம் இன்னும் இரண்டு தவணைதான், ஆனால் கணக்குப் போட்டால் ஆறரை வருகிறது. பிரஷர் டாக்டரிடம் காட்டினேன். உப்பைக் குறைத்து, நடந்து, மாதம் கழித்து வரச் சொன்னார். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற வாரத்துக்கு 150 நிமிட நடையை மாலை நான்கு மணி வெயிலில் நடக்கிறேன், பையனும் கூட வருகிறான், அவனுக்கு வழியில் சமோசா.

ஒரு சிக்கல். நவம்பர் முதல் ஞாயிற்றில் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். எங்களுக்கு 7.30 - 4.30 ஆகிவிடும். வீடு சேர ஆறு. விடிந்துவிடும். போன வருடமும் அந்தச் சமயத்தில்தான் ரொம்ப மோசமானேன் என்று இப்போதுதான் உறைக்கிறது.

நைட்_டூட்டி_நர்ஸ் (மதுரை)

ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் தள்ளிப் படுக்க ஆரம்பி. கேபில் பின்சீட்டில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள். பைக்கில் வருகிற நாளில் போடாதே, ஏற்கெனவே கண் சொருகும். வீட்டுக்கு வந்ததும் குழல்விளக்கு வேண்டாம், ஜீரோ வாட்ஸ் போதும்.

சங்கம்_சரவணன்

3.30க்கு லாகவுட் ஆனவர் பெருங்குடியிலிருந்து மேடவாக்கம் வர ஐந்து மணி ஏன்? காலியான ரோட்டில் அரை மணி நேரம்கூட ஆகாதே. டிராப் வரிசையை மாற்றச் சொல்லுங்கள். தினமும் ஒரு மணி நேரத் தூக்கம் அந்தக் கேபில்தான் போகிறது.

ஓஎம்ஆர்_ஆந்தை

டிரைவரிடம் கேட்டேன், முடியாது என்கிறார்.

கேப்_முருகன்

சார், நான் அதே ரோட்டில் வேறு கம்பெனிக்கு ஓட்டுகிறேன். டிரைவரைக் கேட்டுப் பயனில்லை, ரூட் ஆப்பில் வரும், மாற்றினால் எங்களுக்கு ஃபைன். பெண்கள் வண்டியில் இருந்தால் அவர்களைக் கடைசியாக இறக்கக் கூடாது, எஸ்கார்ட், அதாவது துணைக்கு வரும் செக்யூரிட்டி, இல்லாவிட்டால் ஒரு ஆண் ஊழியர் கடைசிவரை இருக்க வேண்டும். உங்களை அதற்குத்தான் சுற்றவைக்கிறார்கள். டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கில் டிக்கெட், அதாவது புகார், போடுங்கள். எஸ்கார்ட் போடச் சொல்லுங்கள், அல்லது கடைசி டிராப்பை வாரம் ஒருவருக்கு மாற்றச் சொல்லுங்கள். டாக்டர் சீட்டை இணைத்தால் சீக்கிரம் நடக்கும், எங்கள் கம்பெனியில் அப்படி நடந்தது. டிக்கெட் போடும்போது டிரைவருக்கு இரண்டு டிரிப்புக்கு நடுவில் ஓய்வு எவ்வளவு என்பதையும் கேட்டு வையுங்கள் சார். நாலு மணிக்கு எங்களுக்கும் அதே கண்தான். முன்சீட்டில் உட்காருகிறவர் மட்டும் தூங்காமல் வந்தால் உதவியாக இருக்கும்.

ஓஎம்ஆர்_ஆந்தை

டிக்கெட் போட்டுவிட்டேன். இரண்டையும் எழுதியிருக்கிறேன்.